எர்த்துக் குழி

ரிங்லெட் மலையூருக்கு மேலே, மூங்கில் காட்டை ஒட்டி இருந்தது அந்தத் தேயிலைத் தோட்டம். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய் ஜப்பான்காரத் துரை வந்தபோது, துரை மாறினால் என்ன, கொழுந்து மாறவா போகிறது என்றுதான் லயத்து வரிசை வீடுகளில் ஜனங்கள் இருந்தார்கள். அப்புறம் அரிசி போனது, துணி போனது, கடைசியில் உப்பும் போனது. அதையெல்லாம்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்கள். பெரட்டுக்களத்தில் ஒலிபெருக்கிப் புனல் கட்டியதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை.

விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிடுவதற்கு முன்னால் எல்லோரும் கிழக்கே பார்த்துக் குனிய வேண்டும். சூரியன் இருக்கும் பக்கம் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்த மலையில் காலைப் பனியில் பக்கத்தில் நிற்பவன் மூக்கே தெரியாது. குத்துமதிப்பாக ஏதோ ஒரு பக்கம் பார்த்துக் குனிந்து வைத்தார்கள். கம்பத்து உச்சியிலிருந்த தகரப் புனலில் ஜப்பான் சக்கரவர்த்தி பாட்டு வரும். பாட்டுக்கு அடியில் "ம்ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல் ஓடும். பாட்டு முடிந்த பிறகும் அந்த இரைச்சல் மட்டும் நிற்காது.

பாட்டுப் பாடும்போது புனல் பேசுகிறது, சரி. பாட்டு நின்ற பிறகு எதற்கு முனகுகிறது? கேட்டுக்கொண்டிருக்கிறது. லயம் இப்படித்தான் முடிவு கட்டியிருந்தது. நாம் பேசுவதெல்லாம் அந்த வயர் வழியாகப் போய் பங்களாவில் இருக்கும் ஓகாவா துரையின் காதில் விழுகிறது, அங்கிருந்து தாப்பாவில் இருக்கும் ராணுவப் போலீஸ் கெம்பித்தாய் வரைக்கும் போகிறது. வயரை இழுத்துக் கட்டியது யார்? நம்ம அல்போன்ஸ்தான். அப்படியானால் அவன் எந்தப் பக்கம்?

அல்போன்ஸ் ஆலையில் மோட்டார்காரர். ஓடைத் தண்ணீரில் சுற்றும் டைனமோவும் தேயிலை உருட்டும் மிஷின்களும் அவர் கையில். வெள்ளைக்காரன் காலத்தில் துரை பங்களா ரேடியோவைப் பழுது பார்த்தவர் என்பதால், ஈப்போவிலிருந்து வந்து இறங்கிய ஒலிபெருக்கிப் பெட்டியையும் மைக்கையும் ஓகாவா அவர் தலையில் கட்டிவிட்டான். மாட்டேன் என்று சொல்லக்கூடிய காலமா அது? ஆனால் லயத்துக்கு அந்த நியாயமெல்லாம் எடுபடவில்லை. அவர் மனைவி மேவிஸ் குடத்தோடு குழாயடிக்குப் போனால், பேசிக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று வாயை மூடிக்கொண்டு தண்ணீர் விழுவதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

சக்கரவர்த்தியின் பிறந்தநாள் நெருங்கியது. ஈப்போவிலிருந்து ராணுவ அதிகாரி ஒருவன் வரப்போகிறான் என்றதும் ஓகாவாவுக்கு நிலைகொள்ளவில்லை. அல்போன்சை ஆபீசுக்குக் கூப்பிட்டு விட்டான். ஓகாவா ஜப்பான் பாஷையில் கத்தியதை, கணக்குப் பார்க்கும் பெரிய கிராணி லியோனார்ட் தமிழில் சொன்னார். கிராணி ராத்திரிப் பள்ளிக்கூடத்தில் ஜப்பான் பாஷை படித்தவர். அதனாலேயே லயம் அவரைக் கண்டாலும் ஒதுங்கும்.

"துரை கேக்குறாரு. சக்கரவர்த்தி பாட்டுக்குக் கீழ எவனோ மொனகுற மாதிரி இருக்காம். அது யாருன்னு கேக்குறாரு."

"யாரும் மொனகலீங்க கிராணியாரே. அது டிரான்ஸ்பார்மர் சத்தம். கரண்டு ஓடுனா கொஞ்சம் இரையத்தான் செய்யும்."

கிராணி அதைத் திருப்பிச் சொன்னார். ஓகாவா மேசையில் குத்திவிட்டு இன்னும் கொஞ்சம் கத்தினான்.

"டோக்கியோவுல இரையலியாம். இங்க மட்டும் ஏன் இரையுதுங்கிறாரு. நீ வேணும்னே பண்றேன்னு நெனைக்கிறாரு அல்போன்சு. விழா அன்னிக்கு அந்தச் சத்தம் கேட்டுச்சு, வந்த லோரியிலயே ஒன்ன ஏத்தி சயாம் ரயில் ரோட்டுக்கு அனுப்பிருவாரு. பாத்துக்க."

சயாமுக்குப் போனவர்கள் யாரும் அதுவரை திரும்பவில்லை. அல்போன்ஸ் வெளியே வந்ததும் நேராக ஆலைக்கு நடந்தார்.

அன்றைக்கே வேலையை ஆரம்பித்தார். ஒலிபெருக்கிப் பெட்டி ஆலையின் பின்னறையில் இருந்தது. தேயிலை காய வைக்கும் அடுப்புக்கு விறகு தள்ளும் முனியாண்டியைக் கைக்கு ஒத்தாசையாக வைத்துக்கொண்டார். முனியாண்டிக்கும் அவருக்கும் லயத்தில் அடுத்தடுத்த வீடு. எதையும் தொணதொணவென்று கேட்டுக்கொண்டே இருக்கிற ஆள்.

"பொனலுக்குப் போற வயரக் கழட்டு. ம், இப்ப கேளு."

"இப்பவும் இரையுதுண்ணே. ஆனா பொட்டிக்குள்ளருந்து வருது."

"அதான். ரெண்டு சத்தம் இருக்கு. இரும்பு அதிர்ற சத்தம் ஒண்ணு, பொனல் வழியா வர்ற சத்தம் ஒண்ணு. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சித்தான் நான் இத்தன நாளு ஏமாந்துட்டேன்."

"சத்தம்னா சத்தம்தாண்ணே. எது வந்தா என்ன, சயாமுக்குப் போறது ஒரே ஆளுதான?"

"வாய மூடுறா."

சுத்தியல் பிடியின் ஒரு முனையை டிரான்ஸ்பார்மரில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு அல்போன்ஸ் ஒவ்வோர் இடமாகக் கேட்டார். டிரான்ஸ்பார்மர் என்பது மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கி, மேலே செப்புக் கம்பி சுற்றிய கட்டை. ஈப்போவிலிருந்து மலைப்பாதையில் குலுங்கிக் குலுங்கி வந்ததில் தகடுகளை இறுக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருந்தன. அவற்றை முறுக்கினார். இடுக்குகளில் மூங்கில் சிராய் செருகினார். மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளை உருக்கி ஊற்றினார்.

"சாமிக்கு ஏத்துன மெழுகுவத்திண்ணே, பாவமில்லியா?"

"மாதாவுக்குத் தெரியும் என் சூசா, என் கஷ்டமெல்லாம். டயர்த் துண்ட எடு, அடியில வைப்போம்."

பெட்டி அடங்கிவிட்டது. புனல் வயரை மாட்டியதும் மறுபடி "ம்ம்ம்ம்" என்றது. டிரான்ஸ்பார்மரைக் குறுக்காகத் திருப்பி வைத்துப் பார்த்தார். மைக் வயரைக் கரண்டு வயரிலிருந்து பிரித்து வேறு சுவரோரமாக இழுத்தார். இரைச்சல் பாதியாகக் குறைந்தது. அன்றைக்கு ராத்திரி அவர் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் காலையில் அது பழையபடி ஏறியிருந்தது. குறைத்தார். அடுத்த காலையில் இன்னும் ஏறியிருந்தது. அங்கேதான் அவர் மனசுக்குள் புழு புகுந்தது. குறைத்து வைத்த சத்தம் தானாகக் கூடுமா? எவனோ கை வைக்கிறான். நம்மை சயாமுக்கு அனுப்புவதில் எவனுக்கோ ஆசை. பின்னறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். கதவு நிலையில் எச்சில் தொட்டு ஒரு தலைமயிரை ஒட்டி வைத்தார். மயிர் அப்படியே இருந்தது, சத்தம் மட்டும் கூடியிருந்தது.

கிராணியாக இருக்குமோ? அவருக்கு நம்மேல் என்ன கோபம்? முனியாண்டி ஏன் இத்தனை கேள்வி கேட்கிறான்? எந்த வயர் எங்கே போகிறது என்று அவனுக்கு எதற்கு? ஆலைக்குப் பின்னால் விறகு அடுக்கியிருக்கும் இடத்தில் அவன் நாலைந்து முறை தனியாக நிற்பதை அவர் பார்த்திருந்தார். விறகுக்காரன் விறகுப் பக்கம் நிற்காமல் எங்கே நிற்பான் என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை. சந்தேகம் வந்த மனுஷனுக்கு நேராக இருப்பதும் கோணலாகத்தான் தெரியும்.

விழாவுக்கு முதல் நாள் மத்தியானம். பெட்டியைச் சுற்றிக் கழுவித் துடைத்த தரை ஈரமாக இருந்தது. வெறுங்காலோடு நின்றுகொண்டு, சலிப்பில் பெட்டியின் இரும்பு உடம்பில் உள்ளங்கையை ஊன்றினார். புனல் சத்தம் சட்டென்று தணிந்தது. கையை எடுத்தார், ஏறியது. வைத்தார், தணிந்தது.

"முட்டாப்பய நான்" என்று தன்னையே திட்டிக்கொண்டு ஆலையின் பின்பக்கம் ஓடினார். பெட்டியின் உடம்பிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் போக வேண்டும். இத்தனை நேரம் அவர் உடம்புதான் அந்தக் கம்பியின் வேலையைப் பார்த்திருக்கிறது. விறகு அடுக்குக்குப் பக்கத்தில், மழை படாத தாழ்வாரத்தின் கீழே, செங்கல் கட்டிய எர்த்துக் குழி இருந்தது. சண்டை வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வெள்ளைக்கார எஞ்சினியர் அதில் மூட்டை மூட்டையாக உப்பையும் கரியையும் கொட்டி, நடுவில் செப்புக் குழாயை நட்டுவிட்டுப் போயிருந்தான். உப்பும் ஈரமும் இருந்தால்தான் மண் கரண்டை இழுக்கும்.

பலகை மூடியைத் தூக்கினார். குழியைப் பாதிக்கு மேல் தோண்டியிருந்தார்கள். செப்புக் குழாய் காய்ந்த மண்ணில் ஆடிக்கொண்டு நின்றது. உள்ளே ஒரு சிரட்டை கிடந்தது.

"என்ன அல்போன்சு அது?"

பின்னால் லியோனார்ட் கிராணி நின்றார். அவருக்குப் பின்னால் ஓகாவா. ஓகாவா குழியைப் பார்த்தான், ஆடுகிற குழாயைப் பார்த்தான். அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "பக்கேரோ!" என்று திட்டி அல்போன்சின் கன்னத்தில் ஓங்கி அறைந்தான்.

"யார் தோண்டுனதுன்னு கேக்குறாரு" என்றார் கிராணி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சொல்லிரு. இல்லேன்னா நீதான்கிறாரு."

"எனக்குத் தெரியாதுங்க."

இன்னோர் அறை. வாயில் ரத்தம் கரித்தது.

"யாருன்னு பாக்கலீங்க... முனியாண்டி... அவன் இந்தப் பக்கம் நிப்பான். நான் பாத்திருக்கேன்."

அவ்வளவுதான் சொன்னார். அது போதுமாக இருந்தது. பொழுது சாய்வதற்குள் முனியாண்டியை இழுத்துக்கொண்டு போய் உரக்கொட்டகையில் அடைத்துப் பூட்டிவிட்டார்கள். நாளைக்கு அதிகாரியோடு வரும் லோரி திரும்பும்போது அவனை ஏற்றிக்கொண்டு போகும்.

அல்போன்ஸ் வீட்டுக்கு வந்தபோது மேவிஸ் மரவள்ளிக்கிழங்கை அவித்து, ஊசிமிளகாயும் உப்பும் நசுக்கித் தட்டோரத்தில் வைத்திருந்தாள். அவர் கன்னம் வீங்கியிருந்ததைப் பார்த்து வெந்நீர்த் துணியோடு வந்தாள். துணியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

"முனியாண்டியப் புடிச்சி அடச்சிட்டாங்க."

"ஐயோ, எதுக்குங்க?"

"எர்த்துக் குழிய எவனோ தோண்டியிருக்கான். நாசவேலைங்கிறான் ஜப்பான்காரன்."

"குழியத் தோண்டுனா என்னங்க? வெறும் மண்ணுதான?"

"வெறும் மண்ணா? உள்ள இருந்த உப்பையே காணோம். அது இல்லாமத்தான் பொனலு இப்புடிக் கத்துது."

மேவிஸ் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. அல்போன்ஸ் கிழங்கைப் பிட்டு மிளகாயில் தொட்டார். தொட்டவர் வாய்க்குக் கொண்டுபோகாமல் விளக்குப் பக்கம் நீட்டிப் பார்த்தார். உப்பு சாம்பல் நிறத்தில், நடுநடுவே கரித்தூளோடு இருந்தது. லயமெல்லாம் உப்பில்லாமல் நாக்குச் செத்துக் கிடக்கையில் தன் வீட்டில் மட்டும் உப்பு எப்படி வந்தது என்று ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட மனுஷன் ஒருநாளும் கேட்டதில்லை.

"இது ஏது?"

"ரிங்லெட்டுல ஒரு சீனன்கிட்ட..."

"மேவிசு."

அவள் உட்கார்ந்துவிட்டாள். "நாந்தாங்க. மத்தியானம் நீங்க டைனமோகிட்ட போற நேரத்துல அள்ளுவேன். தண்ணியில கரச்சு, துணியில வடிச்சு, காச்சுவேன். அந்தக் கம்பிக்கு உப்பு வேணும்னு எனக்கு என்னங்க தெரியும்? வெள்ளக்காரன் பொதச்சி வச்சிட்டுப் போயிட்டான்னு நெனச்சேன்."

"எனக்கு ஒருத்தனுக்கா இத்தன உப்பு?"

"ஒங்களுக்கா? லயத்துக்கே குடுத்தேன். குழாயடிக்குப் போனா ஒரு பொம்பள மொகம் பாக்க மாட்டா. 'ஜப்பான்காரன் காது வருது'ன்னு பின்னால சொல்லுவாளுங்க. எத்தன மாசம்ங்க நான் செவுத்தோட பேசுறது? ஒரு நாளு நம்ம பக்கத்து வீட்டுச் செல்லத்துக்கு ஒரு சிட்டிக குடுத்தேன். நாக்குல வச்சிட்டு அழுதுட்டா. 'அக்கா'ன்னு கூப்புட்டா. அப்புறம் மாரியம்மா, தங்கம்மா எல்லாரும் பேசுனாங்க. அதுக்கப்புறம் எப்புடி நிறுத்துறது?"

அவர் வாயைத் திறப்பதற்குள் முனியாண்டி பெண்டாட்டி செல்லம் தலைவிரிகோலமாக உள்ளே வந்தாள்.

"அண்ணே, எம்புருசன் என்னண்ணே பண்ணுனாரு? வெறகு தள்ளுற மனுசனுக்குக் கம்பியப் பத்தி என்ன தெரியும்? எவன் அவரு பேரச் சொன்னது? அந்தக் கிராணிதானே? அவனாத்தான் இருக்கும். ஜப்பான் பாஷ படிச்சவன் நாக்குல வெசம்தான இருக்கும்!"

அல்போன்ஸ் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை.

மேவிஸ்தான் செல்லத்தின் கையைப் பிடித்து, உப்பு எங்கிருந்து வந்தது என்பதை ஒன்றுவிடாமல் சொன்னாள். செல்லம் அடிப்பாள் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். செல்லம் தட்டோரத்திலிருந்த உப்பை விரலால் தொட்டாள்.

"நானுந்தான தின்னேன் அக்கா" என்றாள். "லயமே தின்னுச்சு. ஒங்களப் புடிச்சுக் குடுத்தா எல்லாரையும்தான் புடிப்பான். அண்ணே, வழி ஒண்ணு சொல்லுங்கண்ணே."

"நாளைக்கி அந்தச் சத்தம் வராம இருக்கணும்" என்றார் அல்போன்ஸ். "அப்ப மண்ணு காஞ்சுதான் கெடந்துச்சு, யாரும் தோண்டலன்னு சொல்லிப் பாக்கலாம். சத்தம் வந்துட்டா முனியாண்டியும் போவான், நானும் போவேன். ஆனா உப்புக்கு எங்க போறது?"

"கரியும் சாம்பலும் இருக்குல்ல, தண்ணி ஊத்துனா ஆகாதா?"

"வெறும் தண்ணி பத்தாது. உப்புத் தண்ணியா இருக்கணும்."

செல்லம் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "உப்புத் தண்ணிதான வேணும்? வீட்டுக்கு ஒரு டின்னு இருக்கே."

அந்தக் குளிரில் ராத்திரி யாரும் லயத்துக்குக் கடைசியில் இருக்கும் கக்கூசுக்குப் போக மாட்டார்கள். கதவுக்குப் பின்னால் ஒரு மண்ணெண்ணெய் டின் இருக்கும். காலையில் அதைக் கொண்டுபோய்த் தண்ணீர் கலந்து மரவள்ளிக்கும் கீரைக்கும் ஊற்றுவார்கள். உரம் கிடைக்காத காலத்தில் தோட்டத்துப் பாத்திகள் எல்லாம் அதில்தான் பச்சையாக நின்றன. அல்போன்ஸ் ஒரு நிமிஷம் யோசித்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "ஆகும்" என்றார். "நல்லாவே ஆகும்."

மறுநாள் சேவல் கூவுவதற்கு முன் பெண்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு வரிசையாக வந்தார்கள். விஷயம் எல்லா வீட்டுக்கும் போயிருந்தது. அல்போன்ஸ் குழியில் அடுப்புக்கரியை இடித்துப் போட்டு, சாம்பல் போட்டு, மண் போட்டுக் காலால் மிதித்தார். ஒவ்வொருத்தியும் டின்னைக் கவிழ்த்துவிட்டு நகர்ந்தாள்.

"சக்கரவர்த்திக்குப் பொறந்தநாளு சீருடி" என்றாள் தங்கம்மா. பனியில் முகம் தெரியாத தைரியத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். மேவிசும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். செல்லம் மட்டும் உரக்கொட்டகைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டியைப் பெரட்டுக்களத்து மேடைக்குத் தூக்கிப்போய், நீளக் கம்பியால் குழியோடு இணைத்தார் அல்போன்ஸ். சுவிட்சைப் போட்டார். வால்வுகள் மெதுவாகச் சிவந்தன. புனல் மௌனமாக இருந்தது. பெட்டி செத்துவிட்டதோ என்று குனிந்து காதை வைத்துப் பார்த்தார். கிராமபோன் முள்ளை வைத்ததும் பாட்டு மட்டும் சுத்தமாக எழுந்தது.

ஈப்போ அதிகாரி வந்தான். எல்லோரும் குனிந்தார்கள். ஓகாவா மைக்கின் முன்னால் நின்று நீளமாகப் பேசினான். அவன் மூச்சு வாங்குவதுகூடப் புனலில் கேட்டது. பேசி முடித்ததும் அதிகாரியைக் கூட்டிக்கொண்டு பங்களாவுக்குத் தேநீர் குடிக்கப் போனான். விழாவுக்காக ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் ஜனங்கள் கலையாமல் களத்திலேயே முறத்தோடும் டப்பாவோடும் வரிசையில் நின்றார்கள்.

அல்போன்ஸ் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கிராணி பங்களா வாசல்வரை போய்விட்டு வேகமாகத் திரும்பி வந்து அவர் பக்கத்தில் குனிந்தார்.

"துரைக்கு ரொம்பச் சந்தோசம். எப்படிச் சரியாச்சுன்னு கேட்டாரு. நீ சொல்லச் சொன்ன மாதிரியே, மண்ணு காஞ்சு பொளந்து கெடந்துச்சு, தண்ணி ஊத்துனதும் சரியாயிருச்சு, தோண்டுனதெல்லாம் பெருச்சாளின்னு சொன்னேன். என்ன மூடுல இருந்தாரோ, நம்பிட்டாரு. முனியாண்டிய விட்டுறச் சொல்லிட்டாரு. இந்தா, உரக்கொட்டக சாவி."

அல்போன்சுக்குக் கண் கலங்கிவிட்டது. கிராணியின் கையைப் பிடித்துக்கொண்டார். மைக் அவர் தாடைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. சுவிட்சை அணைத்தோமா என்று அவர் யோசிக்கவே இல்லை. இத்தனை மாதமாகப் புனல் உயிரோடு இருந்தால் இரையும், அணைந்தால் அடங்கும். இப்போது இரைச்சல் இல்லை. அதனால் அது அணைந்திருக்கிறது என்று அவருடைய காது தானாகவே முடிவு செய்துவிட்டது.

"கிராணியாரே, இன்னும் ஒரே ஒரு ஒதவி" என்றார் தாழ்ந்த குரலில். "முனியாண்டி பேர நாந்தான் சொன்னேன்னு லயத்துல யாருக்கும் தெரிய வேணாம். எம்பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. செல்லம் நீங்கதான் காட்டிக்குடுத்தீங்கன்னு நெனச்சிக்கிட்டிருக்கு. அது அப்புடியே இருந்துட்டுப் போகட்டும். ஒங்கள எப்படியும் லயத்துக்குப் புடிக்காதுதான?"

கிராணி சாவியோடு கையை உருவிக்கொண்டார். அவர் அண்ணாந்து கம்பத்து உச்சியைப் பார்த்தார். அல்போன்சும் பார்த்தார். தன்னுடைய கடைசி வார்த்தை மூங்கில் காட்டில் பட்டுத் திரும்பி வருவது அப்போதுதான் அவர் காதில் விழுந்தது.

களத்தில் ஒரு டப்பாகூட அசையவில்லை. அத்தனை முகங்களும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தன. மேவிஸ் வரிசை நடுவில் முறத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு முன்னால் நின்ற மாரியம்மா ஓர் அடி முன்னால் நகர்ந்தாள். பின்னால் நின்ற தங்கம்மா ஓர் அடி பின்னால் போனாள்.

செல்லம் மேடைக்கு வந்தாள். அல்போன்ஸ் எழுந்து நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் கிராணியிடம் கையை நீட்டினாள். அவர் சாவியைக் கொடுத்தார். திரும்பிப் போகிற வழியில் மேவிசுக்கு முன்னால் கொஞ்சம் நின்றாள்.

"பொட்டி இன்னிக்கி நல்லாத் தெளிவாப் பேசுது அக்கா" என்று சொல்லிவிட்டு, உரக்கொட்டகையைத் திறக்க நடந்தாள்.